கலப்பற்று: தூத்துக்குடித் தோணிகளைப் பழுது பார்க்கும் தொழிலும் அதன் சொற்களும்

1. முன்னுரை

தமிழர் கடற்செலவு பற்றி ஆராய்ந்த அறிஞர் கலங்களின் பெயர்களையும், துறைமுகங்களின் சிறப்பினையும், ஏற்றுமதி இறக்குமதிப் பொருள்களையும் விரிவாகத் தொகுத்து வைத்துள்ளனர். நாவாய், வங்கம், தோணி, அம்பி, பஃறி, திமில் என்னும் பெயர்கள் சங்க நூல்களில் பயின்று வருமிடங்களை இன்று முதுகலை மாணவரும் எளிதில் எடுத்துக் காட்டுவர். ஆயின், மரக்கலம் ஒன்று நீரில் இறங்கிய நாள் முதல் அதனை ஆண்டாண்டு காலம் கடலில் நிலைநிறுத்துவது எது என்னும் வினாவை எழுப்பினார் மிகச் சிலரே. கலம் கட்டுதல் ஒருமுறை நிகழ்வது. அதனைப் பழுது பார்த்தல் ஆண்டுதோறும் நிகழ்வது. பழுது பார்ப்பார் இல்லையேல், எத்துணைச் செம்மையாகக் கட்டிய கலமும் சில ஆண்டுகளில் கடற்புழுவுக்கு இரையாகும்.

தூத்துக்குடித் தோணிகளைச் செப்பனிடும் தொழிலை அடிப்படையாகக் கொண்டு, அத்தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது, அதன் பழைமை யாது, அதன் சொற்கள் எவ்வெம் மொழிகளிலிருந்து வந்து எவ்வாறு தமிழாயின என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்கின்றோம். பழுது பார்த்தல் என்பது பழையதைக் காத்தல் மட்டுமன்று. தொழிலறிவினைத் தலைமுறைக்குத் தலைமுறை கையளிக்கும் முறையும் அதுவே என்பது எம் கருத்து.

2. ஆறும் துறையும்

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்தது ஆழ்வார்திருநகரி. திருக்குருகூர் என்னும் பழம்பெயருடைய இவ்வூர் நம்மாழ்வாரின் அவதாரத் தலமாகவும் நவதிருப்பதிகளுள் ஒன்றாகவும் போற்றப்படுவது. இவ்வூரைக் கடந்து கிழக்கே செல்லும் ஆறு, ஏரலுக்கு அப்பால் கொற்கையின் அருகே சென்று, புன்னைக்காயலில் கடலொடு கலக்கின்றது. இச்சிறு நிலப்பரப்பிலேயே பாண்டி நாட்டுத் துறைமுகங்களின் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

கொற்கை சங்க நூல்களில் முத்துக்குப் பெயர் பெற்ற துறை. கிரேக்கர் அதனைக் கொல்கி என்றனர். 1968-69ஆம் ஆண்டுகளில் அங்கே தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 8ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்பட்டது. ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலகவே, துறை கொற்கையை விட்டுக் காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய பெருந்துறை அக்காயலே. கால்டுவெல் இவ்விரண்டு இடங்களையும் நேரில் ஆய்ந்து, 1877ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். காயலும் தூர்ந்தபின், ஆற்று வண்டல் எட்டாத வடபால், தீவுகளின் காப்பில் அமைந்த தூத்துக்குடி தலையெடுத்தது.

எனினும் தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழம் குன்றியது. பெருங்கப்பல்கள் கரையை அணுகாது மைல் கணக்கில் அப்பால் நங்கூரமிட்டு நின்றன. அவற்றிற்கும் கரைக்கும் இடையே சரக்கினைச் சுமந்தவை தோணிகள். அத்தோணிகளுள் பெரியவை கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துச் சென்று மீண்டன. 1974ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆழ்கடல் துறைமுகம் திறக்கப்பட்டபின் கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட பணி குறைந்தது; ஆயின் பழைய துறைமுகத்திலிருந்து தோணிச் செலவு முற்றும் நின்றிலது. இத்தோணிகளையும் அவற்றில் உழைத்த மக்களையும் பற்றிய வாழ்க்கைச் சித்திரமாக ஜோ டி குரூஸ் எழுதிய 'கொற்கை' என்னும் புதினம் 2013ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசினைப் பெற்றமை அறிஞர் அறிந்ததே.

3. சங்க நூலில் பழுது பார்க்கும் மீகான்

கலத்தைச் செப்பனிடும் தொழில் சங்க காலத்தில் அறியப்பட்டிருந்ததா? இதற்கு விடை பரிபாடலில் உள்ளது. வையையைப் பாடும் பத்தாம் பாடலில், கரும்பிள்ளைப் பூதனார், ஊறுபட்ட மரக்கலத்தைப் 'பயின்' கொண்டு சீர்செய்யும் மீகான் ஒருவனை உவமையாகக் காட்டுகின்றார். பயின் என்பது மரத்தின் பிசின். பலகைகளின் இடைவெளியை அடைக்கப் பயன்படுவது.

இவ்வுவமையில் நாம் கருதத்தக்கன மூன்று. முதலாவது, உவமை என்பது கேட்போர் அறிந்த பொருளைக் கொண்டு அறியாததனை விளக்குவது. பரிபாடல் கடற்கரையிலன்றி உள்நாட்டு மதுரையைச் சார்ந்து எழுந்த நூல். அம்மாநகரத்தார்க்குக் கலம் பழுது பார்த்தல் விளக்கம் வேண்டாத செய்தியாய் இருந்தது என்பது இதனாற் பெறப்படும். இரண்டாவது, திருத்துபவன் தச்சன் அல்லன். திசையறிந்து கலம் செலுத்தும் மீகானே திருத்துகின்றான். கரையில் தச்சன் செய்யும் பெருஞ்செப்பம் ஒன்று, கடலில் மாலுமி செய்யும் அவசரச் செப்பம் ஒன்று என இருவகை இருந்தமைக்கு இது சான்றாகும். மூன்றாவது, பிசின் கொண்டு அடைத்தல் என்னும் முறையே அடிப்படையில் இன்றும் தூத்துக்குடிக் கரையில் நிகழ்வது. பொருள் மாறியிருக்கலாம், செயல் மாறவில்லை.

4. இணைப்பு மூன்று, செப்பமும் மூன்று

கலத்தைச் செப்பனிடும் முறை, அதனை இணைத்த முறையைப் பொறுத்தது. தமிழகக் கடற்கரையில் மூவகை இணைப்பினைக் காண்கின்றோம்.

முதல்வகை கட்டுதல். கட்டுமரம் என்னும் பெயரே அதன் இலக்கணத்தை உரைக்கின்றது. அதனைச் செப்பனிடுதல் என்பது கயிற்றை அவிழ்த்து, மரங்களை உலர்த்தி, சிதைந்ததனை நீக்கி மீண்டும் கட்டுவதேயாம். கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய 'எரித்திரேயக் கடற்பயண நூல்' கீழைக் கடற்கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் பெருங்கலங்களைக் குறிப்பிடுவது ஈண்டு ஒப்பிடத்தக்கது.

இரண்டாம்வகை தைத்தல். சோழமண்டலக் கரையில் அலை மோதும் துறைகளில் வழங்கிய மசூலாப் படகின் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணியின் இறுக்கமின்றி அலைக்கு நெகிழ்ந்து கொடுப்பது அதன் சிறப்பு. கயிறு இற்றுப்போகும் ஆகலின் தையலைப் பிரித்து மீளத் தைப்பதே அதன் செப்பம்.

மூன்றாம்வகை அறைதல். தோணி இவ்வகையினது. பலகைகள் விளிம்பொடு விளிம்பு பொருந்த அமைக்கப்பட்டு, வங்கு என்னும் விலாச்சட்டங்களில் இரும்பாணியால் அறையப்படும். தைத்த கலம் நெகிழும். அறைந்த கலம் நெகிழாது. ஆதலின் பலகைகளுக்கு இடையே அமையும் பொருத்துவாயே அதன் உயிர்நிலை. அவ்வாயை அடைப்பதே தோணிச் செப்பத்தின் தலையாய பணி. இம்முறைகளை ஆராய்ந்தோருள் முன்னோடி சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல். இந்தியப் படகுகளின் அமைப்பும் தோற்றமும் பற்றி அவர் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இன்றும் ஆய்வாளர்க்குத் துணை புரிவது.

5. செப்பனிடும் முறை

தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் தோணிகள் கடல் மேற்செல்லா. அக்காலமே செப்பனிடுதற்குரிய காலம். சரக்கும் சுமையும் இறக்கப்பட்ட தோணி, நீர்ப்பெருக்கின்போது கரையேற்றப்பட்டு, இருபுறமும் முட்டுக்கொடுத்து நிறுத்தப்படும்.

முதற்பணி அடிப்பகுதியைச் சுரண்டித் தூய்மை செய்தல். பாசியும் கொட்டலசும் பற்றிய அடிப்பகுதி நீரைக் கிழித்துச் செல்லாது. செலவின் வேகம் குறையும். அடுத்தது நோய் காணுதல். தச்சர் பலகையைச் சுத்தியலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே நல்லதையும் உளுத்ததையும் பிரித்தறிவர். கப்பற்புழு எனப்படுவது உண்மையில் புழுவன்று. சிப்பியினத்தைச் சார்ந்த உயிர். நுண்ணிய துளை வழியே மரத்தினுட் புகுந்து உள்ளே பெருத்து வளர்வது. மேற்பரப்பில் ஊசித்துளையளவே காணப்படும் பலகை உள்ளே தேனடை போன்றிருக்கும். கண் காணாததனைச் செவி காணவேண்டியிருத்தலின் இவ்வொலியறிவு இன்றியமையாததாயிற்று. கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் தம் மரநூலில் மற்றைப் புழுக்களால் வரும் கேட்டினைக் கீல் பூசித் தீர்க்கலாம் என்றும், கடற்புழுவினால் வரும் கேட்டிற்கு மருந்தில்லை என்றும் கூறியுள்ளார். அவர் கூறியது இன்றும் மெய்யே. புழு தின்ற பலகையை நீக்கிப் புதுப்பலகை இடுவதன்றிப் பிறிது வழியில்லை.

பலகை மாற்றுதல் எளிய செயலன்று. ஒரு பலகையை எடுக்குங்கால் அதனையடுத்த பலகைகள் இடம் பெயராமற் காத்தல் வேண்டும். புதுப்பலகையைத் தீயில் வாட்டி, நீர் தெளித்து, தோணியின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பொருத்துவர். மேலும் கீழும் உள்ள பலகைகளின் முட்டுவாய்கள் ஒரே வங்கின்மேல் நேருக்கு நேர் அமையாதவாறு மாற்றி மாற்றி அமைப்பது விதி. ஒரே நேர்க்கோட்டில் அமையின் கலம் அவ்விடத்தே பிளக்கும். வங்கு சிதைந்திருப்பின், இயல்பாகவே வளைந்து வளர்ந்த கருவேலம், வாகை போன்ற மரங்களின் கிளைகளைத் தேடிக் கொணர்வர். நேர்மரத்தை அறுத்து வளைவாக்கின் மரத்தின் நார் அறுபட்டு வலிமை குன்றும். வளர்ந்த வளைவே வங்குக்கு ஏற்றது.

இவற்றின்பின் வருவதே கலப்பற்று. பொருத்துவாயிலுள்ள பழைய அடைப்பினைக் கொக்கியாற் கிளறி நீக்கி, எண்ணெயில் தோய்ந்த பஞ்சுத்திரியை மழுங்கிய உளியும் கொட்டாப்புளியும் கொண்டு உள்ளே செறிப்பர். செறிவு குறையின் நீர் கசியும். மிகின், மரம் நீரூறிப் பெருக்குங்கால் பலகையே பிதுங்கி ஆணி கழலும். அளவினைக் கூறும் நூல் இல்லை. கொட்டாப்புளியின் ஓசை மாறுவதைக் கொண்டு கை நிறுத்தப்படும். பின்னர், குங்கிலியத்தை எண்ணெயொடு காய்ச்சிய கலவையால் மேல்வாய் மூடப்படும். நீரில் மூழ்கும் பகுதிக்கு எண்ணெயும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு புழுவைத் தடுக்கும் காப்பாக நெடுங்காலம் வழங்கியது.

இத்தொழிலில் வரைபடம் இல்லை. கப்பற்கலை பற்றிய தமிழ் நூல் அறவே இல்லை என்பதன்று. 'கப்பல் சாத்திரம்' என்னும் நூலைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950ஆம் ஆண்டில் அச்சிட்டது. ஆயின் அத்தகைய நூல்கள் மரத்தின் தேர்வு, அளவு, நிமித்தம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவன. ஓசையறிந்து உளியை நிறுத்தும் அறிவு ஏட்டில் ஏறாதது. இளந்தச்சன் அதனைக் கற்பது பழைய தோணியைப் பிரிக்கும்போதே. புதுத்தோணி கட்டும் வாய்ப்பு அவனுக்கு அரிதாகவே கிட்டும்; பழுது பார்க்கும் வாய்ப்போ ஆண்டுதோறும் கிட்டும். முன்னோர் செய்த இணைப்பைப் பிரித்துப் பார்ப்பவனே அதன் காரணத்தை அறிகின்றான். பழுது பார்க்கும் கரையே அவனுக்குப் பள்ளியாகும்.

6. சொல்லாய்வு

இனி, இத்தொழிலின் சொற்களை ஆராய்வாம். பரிபாடலில் கண்ட 'பயின்' இன்று கடற்கரை வழக்கில் தொழிற்பெயராக நிலவவில்லை. அதன் இடத்தைக் 'கலப்பற்று' என்னும் சொல் கொண்டுள்ளது. பேச்சு வழக்கில் 'கலப்பத்து' எனவும் ஒலிப்பர். இது போர்த்துகீசிய மொழியின் 'கலஃபாத்தே' என்னும் சொல்லின் வழியாக வந்தது என்பது அகராதியாளர் கொள்கை. அப்போர்த்துகீசியச் சொல்லையும் அரபியொடு உறவுபடுத்துவர் மொழிநூலார்.

இச்சொல் இக்கரைக்கு வந்த வழி வரலாற்றால் விளங்கும். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றும் வரை, இம்முத்துக்குளித்துறைக் கரையில் போர்த்துகீசியர் தொடர்பு மிக்கிருந்தது. கொல்லத்தில் 1578ஆம் ஆண்டில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலுக்கு உரியவரான அண்டிரிக் அடிகளார் பணி செய்தது தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலில். அச்சுக்கலை வந்த அதே காலத்தில், அதே மக்கள் வாயிலாகக் கலப்பற்றும் வந்திருத்தல் வேண்டும் என்று யாம் கருதுகின்றோம்.

ஆயின் ஈண்டு நோக்கத்தக்கது சொல்லின் வரவன்று. அது அமைந்த வகை. 'கலஃபாத்தே' என்னும் அயற்சொல் தமிழ் எழுத்து வழக்கில் றகர ஒற்றிரட்டிக் 'கலப்பற்று' ஆயிற்று. அவ்வாறு ஆனவுடன், கலத்தைப் பற்றி நிற்பது, கலத்திற்குப் பற்றுப் போடுவது எனப் பொருள் தோன்றும் தூய தமிழ்ச்சொல் போலாயிற்று. வேர் அயலது, ஆயினும் வடிவும் பொருளும் தமிழொடு பொருந்திவிட்டன. புதுப்பலகையைத் தீயில் வாட்டிப் பழைய வளைவுக்கு இணக்குவது போல, தொழிலாளர் புதுச்சொல்லை வாயில் வாட்டித் தம் மொழியின் வளைவுக்கு இணக்கினர். இதனைச் செய்தவர் புலவர் அல்லர், உளி பிடித்தவர்.

இவ்வாறே, சுக்கான் அரபியிலிருந்தும், நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. மாலுமி என்னும் சொல்லும் ஆசானைக் குறிக்கும் அரபுச்சொல்லின் வழியதே. இவற்றின் பக்கத்தே, ஏரா என்னும் அடிமரமும், வங்கு என்னும் விலாச்சட்டமும், அணியம் என்னும் முற்பகுதியும், பாயும், பாய்மரமும், பலகையும் வழங்குகின்றன. கலத்தின் எலும்புக்கூட்டிற்குத் தமிழ்வழக்கே நிலைக்க, கருவிகளுக்கும் செப்பனிடும் வினைக்கும் அயற்சொற்கள் இடம் பெற்றன என்று பொதுவாகக் கூறலாம். இதனை விலக்கில்லாத விதியாகக் கொள்ளல் ஆகாது. பாயும் கயிறும் அடிக்கடி மாற்றப்படுவன ஆயினும் அவற்றின் பெயர்கள் மாறவில்லை. எனினும், பல துறைகளின் கலங்கள் ஒன்றையொன்று கண்டு கற்கும் கருவிகளே விரைந்து பெயர் மாறுவன என்னும் போக்கு இங்குத் தெளிவாகத் தோன்றுகின்றது. தொல்காப்பியர் எச்சவியலில் திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் செய்யுளில் இடம் அளித்தார். அவ்விடத்தைத் தொழில் வழக்கில் கடற்கரை மக்கள் மேலும் அகலமாக்கினர் எனல் பொருந்தும்.

7. ஏடும் பலகையும்

பலகைகள் பலமுறை மாறிய தோணி பழைய தோணியேயா என்னும் வினா எழலாம். ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கலத்தைப் பலகை மாற்றி மாற்றிப் பாதுகாத்ததையும், அதுபற்றித் தத்துவ அறிஞர் இருதிறப்பட வழக்கிட்டதையும் புளூட்டார்க் எழுதியுள்ளார். தமிழ் கற்றார்க்கு இவ்வினா புதிதன்று. நம் நூல்கள் அனைத்தும் இவ்வாறு வந்தவையே.

பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் அரிக்கத் தொடங்கும் முன் புத்தோலையில் பெயர்த்தெழுதப்பட்ட நூலே எஞ்சியது. உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையொடு பதிப்பித்தார். அதற்குத் துணையான சுவடி ஒன்று ஆழ்வார்திருநகரியில் கவிராயர் மரபினர் வாயிலாகக் கிடைத்த வரலாற்றை அவரே எழுதியுள்ளார். அவ்வேடு சங்கப் புலவர் கைப்பட எழுதியதன்று. பலமுறை பெயர்த்தெழுதப்பட்டு வந்த வரிசையில் ஒன்று. ஆயினும் அதிலுள்ளது மதுரைக் காஞ்சியே, பட்டினப்பாலையே. ஓலை மாறியும் நூல் மாறாமைக்குக் காரணம், எழுதியவர் யாப்பும் பொருளும் அறிந்திருந்தமை. பலகை மாறியும் தோணி மாறாமைக்குக் காரணம், தச்சன் வளைவும் பொருத்தும் அறிந்திருந்தமை. அறியாதான் பெயர்த்த ஏட்டில் பாடம் கெடும். அறியாதான் இட்ட பலகையில் நீர் புகும்.

மாறாமற் காப்பது மற்றொரு முறை. 1628ஆம் ஆண்டில் மூழ்கிய சுவீடன் நாட்டுக் கப்பலாகிய வாசா 1961ஆம் ஆண்டில் மேலே எடுக்கப்பட்டு, வேதிப்பொருள் ஊட்டப்பெற்று, ஸ்டாக்ஹோம் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதன் மரங்களுட் பெரும்பாலன பழைய மரங்களே. ஆயின் அது கடலிற் செல்லாது. அருங்காட்சியகம் பொருளைக் காக்கும். பழுது பார்க்கும் கரை அறிவைக் காக்கும். இரண்டும் வேண்டுவனவே. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

8. இன்றைய நிலை

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தோணிகளில் இயந்திரம் பொருத்தப்பட்டது. இதுவும் ஒருவகைச் செப்பமே. இயந்திரத்தின் எடைக்கும் அதிர்வுக்கும் ஏற்பப் பின்பகுதியை வலுப்படுத்தினர். பாய் துணைக்கருவி ஆயிற்று. தச்சரின் அறிவு இம்மாற்றத்தையும் தாங்கிக் கொண்டது. ஆயின் பாய் சுருங்கியதொடு பாய் தொடர்பான சொற்களும் சுருங்கின. பாய் தாங்கும் குறுக்குமரமாகிய பருமலும், பாயை இழுத்துக் கட்டும் கயிறாகிய தாமானும் இளைஞர் பேச்சில் அரிதாகி வருகின்றன.

இதன் முடிவு எவ்வாறிருக்கும் என்பதற்கு அண்டையிலேயே ஒரு சான்று உண்டு. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955 முதல் நடைபெற்று 1961ஆம் ஆண்டொடு நின்றது. அதனொடு, முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்னும் சொல் வாழ்க்கையை விட்டு அகராதிக்குள் புகுந்தது. சொல்லின் பொருளை இன்றும் அறிகின்றோம். அச்சொல் குறித்த செயலின் நுட்பத்தை உணர்த்துவார் அருகினர். கலப்பற்றுக்கும் அந்நிலை வருதல் கூடும். மரத்தோணி குறைந்து இரும்புக்கலமும் கண்ணாடியிழைக் கலமும் பெருகுமாயின், பொருத்துவாய் இல்லாத இடத்துக் கலப்பற்றுக்கு வேலையில்லை.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன: கலம் செப்பனிடுதல் சங்க காலந்தொட்டுத் தமிழர் அறிந்த தொழில், பரிபாடலின் பயினும் இன்றைய கலப்பற்றும் ஒரே செயலின் இரு காலத்துப் பெயர்கள், அயற்சொல் தொழிலாளர் வாயிலாகத் தமிழ் வடிவம் பெற்றமைக்குக் கலப்பற்று சிறந்த எடுத்துக்காட்டு, கலங்கட்டும் அறிவு பெரிதும் பழுது பார்ப்பதன் வழியே கையளிக்கப்பட்டு வருகின்றது.

தமிழாய்வாளர் கடமை ஒன்று இங்கு உளது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தை ஒட்டிய கரையில் தோணிகள் கரையேறும் பருவத்தில், மாணவர் சிலர் ஒரு தோணியின் செப்பம் தொடங்கி முடியும் வரை உடனிருந்து, உறுப்பு, கருவி, வினை ஆகியவற்றின் பெயர்களை ஒலிப்பு மாறாது பதிவு செய்தல் வேண்டும். எப்பலகை ஏன் நீக்கப்பட்டது, எம்மரம் ஏன் தேரப்பட்டது என்பவற்றைத் தச்சர் வாய்மொழியாகவே எழுதுதல் வேண்டும். அகராதி பொருள் கூறும், தொழிலைக் கூறாது. ஓலைச்சுவடிகள் செல்லரித்து அழியுமுன் ஊர் ஊராகத் தேடிச் சென்றோர் இருந்தமையால் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. கொட்டாப்புளியின் ஓசையறிந்து கையை நிறுத்தும் தச்சர் இன்னும் உளர். அவர்பாற் செல்லுதற்கு ஏற்ற காலம் இதுவே.